பியூஸ் போகிறது என்றால் பெரிய பியூஸா? வேனில் இரண்டாவது பேட்டரி பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, குடும்பத்தோடு குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் போய் வண்டியிலேயே இரவு தங்கும்படி மாற்றியிருக்கிறீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியைப் பின்னால் வைத்து, வண்டியின் பேட்டரியிலிருந்து 10 ஸ்கொயர் எம்எம் வீட்டு ஒயரை ஐந்து மீட்டர் இழுத்து, சாவியைத் திருப்பியதும் சேரும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை முன்பக்கம் பொருத்தி, அதனருகில் 60 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டிருக்கிறார்கள். சில நாள் காலையில் அந்த பியூஸ் போய்விடுகிறது. வேலை செய்தவர் "100 ஆம்பியர் போட்டுருங்க அண்ணாச்சி, அப்புறம் போகாது" என்கிறார். 100 போடலாமா, பின்னால் லித்தியம் பேட்டரிக்கு மாறினால் இதே ஒயரிங் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி, பியூஸ் ஏன் போகிறது என்பதும், இரவில் பிள்ளைகள் படுத்திருக்கும் இருக்கைக்கு அடியில் ஓடும் அந்த ஒயரை நம்பலாமா என்பதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருநெல்வேலியில் வண்டி மின்வேலையில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

100 ஆம்பியர் பியூஸ் போடக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பியூஸ் காப்பது பேட்டரியையோ ரிலேயையோ அல்ல, தனக்கு அப்பால் ஓடும் ஒயரை. ஆகவே பியூஸின் அளவை முடிவு செய்வது ஒயர். ஒயரின் அளவை முடிவு செய்வது அதில் தொடர்ந்து ஓடப்போகும் மின்னோட்டம். பிவிசி உறை போட்ட 10 ஸ்கொயர் செம்பு ஒயர், குழாய்க்குள் ஓடும்போது, 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 57 ஆம்பியர் தாங்கும் என்பது கட்டட ஒயரிங்குக்கான சர்வதேச அட்டவணையின் கணக்கு. சுற்றுப்புறம் 50 டிகிரி ஆனால் அதை 0.71 ஆல் பெருக்கச் சொல்கிறது அந்த அட்டவணை. அதாவது 40 ஆம்பியர். 60 டிகிரியில் பாதிதான் மிஞ்சும். அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய வேனுக்குள் 50 டிகிரி என்பது மிகைக் கணக்கல்ல. இன்ஜின் பக்கம் ஓடும் பகுதி அதையும் தாண்டும். ஆக, இப்போது இருக்கும் 60 ஆம்பியரே அந்த ஒயருக்குப் பெரிது. அங்கே இருக்க வேண்டியது 40.

வேலை செய்தவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஒயர் நேராக பாடியில் பட்டு முழு ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியரை ஒட்டியோ அதற்கு மேலோ பாயும். அப்போது 60 ஆனாலும் 100 ஆனாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆபத்து அங்கே இல்லை, ஒயர் தாங்கும் அளவுக்கும் முழு ஷார்ட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பியூஸ் தன் அளவைத் தாண்டிய உடனே போவதில்லை. பத்து சதவீதம் கூடினால் மணிக்கணக்கில் தாங்கும்; முப்பத்தைந்து சதவீதம் கூடினால் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் போகும்; இரு மடங்கானால்தான் நொடிக் கணக்கு. 100 ஆம்பியர் பியூஸ் வழியே 90 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது அசையவே அசையாது. ஒயரின் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. உங்கள் ஐந்து மீட்டர் ஒயர் 40 ஆம்பியரில் மொத்தம் 14 வாட் அளவுக்குச் சூடு விடும். 90 ஆம்பியரில் அது 70 வாட் ஆகிவிடும். வீட்டு ஒயரின் பிவிசி உறை 70 டிகிரிக்கு மேல் வேலை செய்யச் செய்யப்பட்டதல்ல. தரைவிரிப்புக்கும் மெத்தைக்கும் அடியில் காற்றே படாமல் அந்தச் சூடு தேங்கினால், உறை இளகி, ஒயர் அழுந்தியிருக்கும் இரும்பு விளிம்பு செம்பை வந்து தொடும். அதேபோல, துருப்பிடித்த தகட்டில் உரசி உரசிப் பொறி விடும் அரைகுறை ஷார்ட்டும் 100 ஆம்பியரை எட்டாமலேயே தீ வைக்கக்கூடியது. வீட்டில் பியூஸ் கட்டையில் அடிக்கடி கம்பி போகிறது என்று ஒயரிலிருந்து செம்பு இழையை உருவிச் சுற்றிவிடுகிறோமே, அந்தக் காரியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அது ஏன் சில நாள் காலையில் மட்டும் போகிறது? வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றாலும், என் ஊகம் வலுவானது. உங்கள் ரிலே சாவியைத் திருப்பியதுமே இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவிடுகிறது. அடுத்த நொடி செல்ஃப் அடிக்கிறீர்கள். டீசல் இன்ஜினைச் சுற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும். முன் பேட்டரி 10 வோல்ட் அளவுக்கு அமுங்கும். பின் பேட்டரி 12.6 வோல்ட்டில் நிற்கும். இடையில் இருக்கும் ஒயர், ரிலே, லக்குகள் (ஒயர் முனையில் பொருத்தும் உலோக வளையங்கள்), பாடி, பேட்டரியின் உள்தடை எல்லாம் சேர்த்து 20 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டால், பின்னாலிருந்து முன்னால் 130 ஆம்பியர் ஓடும். 60 ஆம்பியர் பியூஸுக்கு அது இரு மடங்குக்கு மேல். வண்டி சட்டென்று பிடிக்கும் நாளில் பியூஸ் தப்பிவிடும். நாலைந்து நொடி சுற்ற வேண்டிய நாளில் போய்விடும். பின் பேட்டரியை மின்னேற்றுவதற்கென்று போட்ட ஒயர், வண்டியைக் கிளப்பும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த ஊகம் சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். முதலில், எந்தக் கணத்தில் போகிறது என்று கவனியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது போனால் நான் சொன்ன காரணம். கிளம்பிப் பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகு போனால், இரவில் இறங்கிப்போன பின் பேட்டரி ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் சுற்றி மின்சாரம் தரும் கருவி) அளவுக்கு மீறி இழுக்கிறது. பிறகு, போன பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் உள்ள உலோகப் பட்டை இளகி விலகியிருந்து மூடி தெளிவாகவே இருந்தால் ஓவர்லோடு. மூடியின் உள்பக்கம் கரி படிந்து உலோகத் துளிகள் தெறித்து ஒட்டியிருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதிய பியூஸ் போடக் கூடாது. பட்டை நன்றாகவே இருந்து, கால்கள் நிறம் மாறி, ஹோல்டரின் பிளாஸ்டிக் பொங்கியிருந்தால் குற்றம் மின்னோட்டத்தில் இல்லை. ஹோல்டரின் பிடி தளர்ந்து சூடேறியிருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பாட்டு சிஸ்டத்துக்கான கண்ணாடி பியூஸ் ஹோல்டர்களில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் எல்லாவற்றிலும் அவசரமானதாக நினைக்கிறேன். பின் பேட்டரியின் பக்கம் பியூஸே இல்லை. இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே ஓடும் ஒயருக்கு இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் வரும். இருக்கையின் தண்டவாளத்தில் நசுங்கி அது பாடியில் பட்டால், முன்னால் இருக்கும் பியூஸ் போய்விடும். பின் பேட்டரியோ அந்த ஷார்ட்டுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதிலும் உங்கள் ரிலே முன்பக்கம் இருப்பதால், சாவியை எடுத்துவிட்டு எல்லாரும் தூங்கும் நேரத்திலும் அந்த ஐந்து மீட்டர் ஒயர் முழுவதும் பின் பேட்டரியோடு இணைந்தே இருக்கிறது, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல். ஆகவே ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூஸ் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே உள்ள துண்டுக்குக் காவல் கிடையாது. அதனால்தான் அது குட்டையாக இருக்க வேண்டும் என்கிறோம். மற்ற எதையும் பிறகு செய்யலாம். இதை மட்டும் அடுத்த பயணத்துக்கு முன் செய்துவிடுங்கள். அதுவரை பின் பேட்டரியின் பாசிட்டிவைக் கழற்றி, முனையை டேப் சுற்றி வைத்திருப்பது நல்லது.

இனி மாற்றுவழி. சிக்கனமானது, ரிலேயைச் சாவியிலிருந்து பிரித்து, வோல்டேஜைப் பார்த்துச் சேரும் விஎஸ்ஆர் வகைக்கு மாற்றுவது. அது முன் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்ட பிறகே சேரும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரியும். செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் தனித்தனியே இருக்கும். ஆனால் இறங்கிய பேட்டரி முதல் சில நிமிடங்களில் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு அதில் கட்டுப்பாடு இல்லை. ஆகவே 10 ஸ்கொயர் ஒயரில் 40 ஆம்பியர் பியூஸை வைத்துக்கொண்டு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரிலேயை எடுத்துவிட்டு, பின் பேட்டரியின் அருகில் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (முன் பேட்டரியிலிருந்து அளவோடு எடுத்துப் பின் பேட்டரியை மின்னேற்றும் பெட்டி) ஒன்றைப் பொருத்துவதுதான் என் தேர்வு. அது 20 ஆம்பியர் வெளிவிடும்போது உள்ளே 27 ஆம்பியர் அளவுக்கே இழுக்கும். பாதுகாப்புக்காக அதில் கால் பங்கு கூட்டினால் 34. உங்கள் பழைய ஒயரும், இரு முனையிலும் 40 ஆம்பியர் பியூஸும் அதற்குச் சரியாகப் பொருந்தும். பிரித்து மறுபடி இழுக்க வேண்டாம். 30 ஆம்பியர் சார்ஜர்தான் வேண்டும் என்றால் உள்ளே 40 ஆம்பியர் வரை போகும். அப்போது 16 ஸ்கொயர் ஒயரும் 50 ஆம்பியர் பியூஸும் தேவை. எதுவானாலும் இன்ஜின் பக்கம் வரும் பகுதியை 105 டிகிரி உறை கொண்ட வண்டி ஒயரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

டிசி-டிசி சார்ஜர் கட்டாயமா என்பது ஆல்டர்னேட்டரைப் பொறுத்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் பலவற்றில் இன்ஜின் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை ஏற்றி இறக்கும். முன் பேட்டரி நிறைந்திருந்தால் 12.5 அளவுக்குக் கூட இறக்கிவிடும். அதில் விஎஸ்ஆர் சேர்வதும் பிரிவதுமாக அல்லாடும். உங்களுடையது பழைய வண்டி என்பதால் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு. ஆயினும் மீட்டரை முன் பேட்டரியில் வைத்து, கிளப்பியவுடன் ஒரு முறையும், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஐடிலிங்கில் ஒரு முறையும் பாருங்கள். இரண்டும் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நின்றால் பழைய வகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த சார்ஜர் போட்டாலும் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். நம் பக்கத்துத் தூரங்கள் சிறியவை. திருநெல்வேலியிலிருந்து குற்றாலமோ திருச்செந்தூரோ அறுபது கிலோமீட்டரை ஒட்டியவை. ஒன்றரை மணி நேர ஓட்டம். 20 ஆம்பியரில் அதற்குள் 30 ஏஎச் ஏறும், 30 ஆம்பியரில் 45. சிறிய கம்ப்ரெசர் பிரிட்ஜ் ஒன்று மே மாதச் சூட்டில் ஒரு நாளைக்கு 50 ஏஎச்சுக்குக் குறையாமல் எடுக்கும். ஒரு 12 வோல்ட் மின்விசிறி இரவு முழுவதும் ஓடினால் 15 சேரும். அப்படியானால் போய் இறங்கி இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு ஓட்டத்தில் ஏறும் மின்சாரம் போதாது, எவ்வளவு தடித்த ஒயர் போட்டாலும். கூரையில் 200 வாட் சோலார் தகடு தெளிந்த வானத்தில் நாளுக்கு 600 முதல் 700 வாட்மணி, அதாவது 50 ஏஎச் அளவுக்குத் தரும். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அதில் பாதியைக் கூட நம்ப வேண்டாம். சோலார் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயர் ஷார்ட் ஆனாலும் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாயும்; அதற்கும் தனி பியூஸ் வேண்டும்.

லித்தியம் பற்றி. வேனுக்கு என்று விற்கப்படுபவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதன் உள்தடை மிகக் குறைவு. அதனால் நேரடியாக ரிலேயில் சேர்த்தால் ஆல்டர்னேட்டரால் முடிந்தது அத்தனையையும் உறிஞ்சும். குறைந்த வேகத்தில் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால், வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும்போதுதான் அது அதிகம் வேகும். ஆகவே லித்தியத்துக்கு டிசி-டிசி சார்ஜர் கட்டாயம் என்றே சொல்வேன். அடுத்தது பியூஸின் வகை. பியூஸில் எழுதியிருக்கும் ஆம்பியர் மட்டும் போதாது. ஷார்ட் ஆகும்போது எத்தனை ஆம்பியர் வரை தீப்பொறியை அறுத்து நிறுத்தும் என்று வேறோர் அளவும் அதற்கு உண்டு. மெகா வகை 2,000 ஆம்பியர் அளவுக்கு, ஏஎன்எல் வகை 6,000 அளவுக்கு, கிளாஸ் டி (Class T) வகை 20,000 அளவுக்கு. லித்தியம் ஷார்ட்டில் பல ஆயிரம் ஆம்பியர் தரக்கூடியது என்பதால், பின் பேட்டரியின் முதன்மை பியூஸ் கிளாஸ் டி ஆக இருப்பது உத்தமம். ஒரே ஒரு 100 ஏஎச் பேட்டரிக்கு நல்ல கம்பெனி ஏஎன்எல் போதும் என்பாரும் உண்டு. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் பெயரில்லாத ஏஎன்எல் பியூஸ் வாங்காதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) தானாகவே துண்டித்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால், அது செல்களுக்கான காவல், ஒயருக்கான காவல் அல்ல என்று நினைவில் வையுங்கள். வீட்டு எம்சிபியும் (மின்பெட்டியில் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இதற்கு வேண்டாம். அது மாறுமின்சாரத்துக்கும் அசையாத சுவருக்கும் செய்யப்பட்டது.

மிக்ஸி ஓட்ட இன்வெர்ட்டர் வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். 750 வாட் மிக்ஸியில் இரண்டு நிமிடம் சட்னி அரைப்பது பேட்டரியிலிருந்து மூன்று ஏஎச் கூட எடுக்காது. ஆனால் அந்த இரண்டு நிமிடமும் 12 வோல்ட் பக்கம் 70 ஆம்பியருக்கு மேல் ஓடும். 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் நூறு ஆம்பியரைத் தொடும். ஆகவே அதற்குப் பேட்டரியிலிருந்து நேராக, 105 டிகிரி உறை கொண்ட 35 ஸ்கொயர் வண்டி ஒயர், ஒரு மீட்டருக்கு மிகாமல், தனியாக 125 ஆம்பியர் பியூஸோடு. மின்விசிறி, விளக்குகளுக்கு வேறு சிறிய பியூஸ் பெட்டி; ஒவ்வொரு ஒயருக்கும் அதனதன் அளவில்.

கைவேலையில் கவனிக்க வேண்டியவை சில. லக்குகளைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஒயர் அந்த இடத்தில் விறைத்து, வண்டியின் அதிர்வில் ஒடியும். உவரி, மணப்பாடு, திருச்செந்தூர்க் கடற்காற்று திறந்த செம்பைச் சீக்கிரம் பச்சையாக்கிவிடும்; வெள்ளீயம் பூசிய லக்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் அதைத் தடுக்கும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் கிராமெட், ஓடும் வழியெங்கும் நெளிவுக் குழாய், ஓர் அடிக்கு ஒரு கிளிப். வாங்கும் ஒயரின் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குச் செல்லாது. நெகட்டிவ் ஒயரும் பாசிட்டிவ் அளவுக்கே தடிமன் இருக்க வேண்டும். பாடியில் எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்டை இரும்பு தெரியும்வரை தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே பெயின்ட் பூசுங்கள். முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் பெட்டி ஒன்று இருந்தால், அதைத் தாண்டிப் பேட்டரி முனையில் எதையும் கட்டாதீர்கள், பாடியில் கட்டுங்கள். வேலை நடக்கும்போது பியூஸ்கள் கையில் இருக்கட்டும். எல்லாம் முடுக்கிய பிறகே அவற்றைச் செருக வேண்டும்.

டியூபுலர் பேட்டரியைத் தொடர்ந்து வைத்திருப்பதானால் ஒரு வார்த்தை. மின்னேறும்போது அது ஹைட்ரஜன் விடும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும் வாயு. நீங்கள் தூங்குவதும் அடுப்பு மூட்டுவதும் அதே அறையில். மேல்பக்கத்திலிருந்து வெளியே குழாய் போகும் மூடிய பெட்டிக்குள் அது இருக்க வேண்டும். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பேட்டரி, ஆரியங்காவு வளைவுகளில் சரியாமல் தரைச் சட்டத்தோடு பட்டை போட்டுப் பிணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டும் முடியாது என்றால் லித்தியத்துக்கு மாற அதுவே போதுமான காரணம். வெயிலில் நிறுத்தும்போது லித்தியத்தையும் கண்ணாடி ஓரம் வைக்காதீர்கள். பல தயாரிப்புகள் 45 முதல் 55 டிகிரிக்கு மேல் மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும்.

இருக்கைகளை எடுத்து வண்டியின் அமைப்பையே மாற்றியிருந்தால், ஆர்சி விவரத்துக்கு மாறான மாற்றங்களை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியை விட அது எனக்குத் தூரமான விஷயம். நீங்கள் செய்ய வேண்டிய அளவீடுகள் மூன்று: இரண்டு நேரங்களில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ், அதன் ஸ்டிக்கரில் இருக்கும் ஆம்பியர், செல்ஃப் அடிக்கும்போது நேர்மின்சாரம் (டிசி) காட்டும் கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளப்பது) அந்த 10 ஸ்கொயர் ஒயரில் ஓடுவது. மூன்றையும் எழுதினால் 20 ஆம்பியர் சார்ஜரா, 30 தாங்குமா என்று உறுதியாகச் சொல்கிறேன்.